அரவை நிற்கக் கூடாது

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகும் வழியில் என் மாமாவுக்கு ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ பேக்டரி இருக்கிறது. சேலத்தில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த எனக்கு அவர் கொடுத்த வேலை, எந்த விவசாயி எந்த நாளில் கிழங்கு பிடுங்க வேண்டும் என்று போனில் சொல்வது. இவ்வளவுதானா என்று உள்ளூர எனக்குக் கொஞ்சம் அலட்சியம். மண்ணுக்குள் இருக்கும்வரை மரவள்ளிக் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, வாரக்கணக்கில் காத்திருக்கும். வெளியே எடுத்துவிட்டால் இரண்டே நாளில் உள்ளே கறுக்க ஆரம்பிக்கும், மாவுச்சத்தும் இறங்கும். ஆகவே நான் 'பிடுங்குங்க' என்று சொன்னால் அதைத் திரும்பப் பெற முடியாது.

மாமா அப்போதுதான் புதிய அரவை மெஷின் போட்டிருந்தார். அது பாதி நாள் கிழங்கில்லாமல் சும்மா நின்றது. இயந்திரம் சும்மா நிற்கக் கூடாது என்று வகுப்பில் படித்தவள் நான். அந்த அமைதி என்னைப் பிடுங்கித் தின்றது. ஒரே நாளில் மூன்று பேருக்குப் போன் செய்தேன்.

மூன்றாவது ஒரு அக்கா. அவருடைய வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வடநாட்டுக்குப் போயிருந்தார். ஒரு ஏக்கர் கிழங்கையும் அக்காதான் தண்ணீர் கட்டி, களை எடுத்து வளர்த்தார்.

"ஏனுங்கம்மிணி, வானம் மோடம் போட்டிருக்குதுங்களே. பிடுங்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"தைரியமா பிடுங்குங்கக்கா. வந்ததும் அரைச்சுரலாம்."

மறுநாள் மதியத்துக்குள் மூன்று வண்டிகளும் வந்துவிட்டன. கூடவே மழையும் வந்தது. அரைத்த பால் தொட்டியில் தங்கி மாவாகப் படிய வேண்டும். மாவை உருட்டி, வறுத்து, சிமெண்ட் களத்தில் வெயிலில் காயப்போட வேண்டும். களம் நனைந்தால் வறுத்தது நகராது, வறுத்தது நகராவிட்டால் தொட்டி காலியாகாது, தொட்டி காலியாகாவிட்டால் எவ்வளவு பெரிய மெஷின் இருந்தும் அரைக்க முடியாது. எங்கே நெருக்குகிறதோ அந்த இடத்தின் வேகம்தான் மொத்த ஆலையின் வேகம் என்று தேர்வில் படம் போட்டு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். களத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் மூன்று வண்டிக்குச் சொல்லியிருந்தேன்.

முதல் வண்டியோடு அரவை நின்றது.

அக்காவின் வண்டி வரிசையில் கடைசி. நான் நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். வெளுக்கிற மாதிரி இருக்கும், உள்ளே போய் உட்கார்ந்ததும் தகரத்தில் தூறல் விழும். பக்கத்து பேக்டரிகளுக்குப் போன் போட்டேன். எல்லா இடத்திலும் இதே கதை. அக்கா தார்ப்பாயை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தபோதெல்லாம், "ஒண்ணும் ஆகாதில்லீங்களா?" என்றார். "ஆகாதுங்கக்கா" என்றேன். ஒவ்வொரு முறையும் என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள்தான் அவர் கிழங்கு இறங்கியது. இறக்கும்போது பாயிண்ட் பார்ப்பது வழக்கம். கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்து எடை போட்டால் மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிந்துவிடும், விலையும் அதை வைத்துத்தான். அதையும் நான்தான் பார்த்தேன். ஒரு கிழங்கை உடைத்தபோது வெள்ளைக்குள் நீலக்கறுப்பாய் நரம்பு ஓடியிருந்தது. பாயிண்ட் வழக்கத்தைவிட ரொம்பக் கீழே நின்றது. இன்னொரு முறை போட்டேன். அப்போதும் அதே இடம்தான்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ற காட்டு மண்ணுல சத்துப் போச்சுங்களா அம்மிணி?" என்றார்.

வண்டி நின்றதால் வந்த வினை என்று சொல்ல ஒரு நொடி போதும். மாமா பக்கத்தில் நின்றார், வரிசையில் மற்ற விவசாயிகள் இருந்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. "இருக்குமுங்கக்கா" என்றேன்.

அன்றிலிருந்து களம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பேன். மெஷின் சும்மா நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன். வேலை சீரானது. மாமா உறவுக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து களத்துப் பக்கம் போய்விடுவேன்.

அடுத்த பருவத்தில் பட்டியலில் அக்காவின் பெயர் வந்ததும் நானே கூப்பிட்டேன்.

"நான் கெழங்கு வெக்கலீங்க. மக்காச்சோளம் போட்டுட்டேன்," என்றார். "ஆட்டுப்பட்டி போட்டேன், வண்டி வண்டியா எருவு அடிச்சேன். அப்பவும் கெழங்கு வெக்க மனசு வல்லீங்க. ஊட்டுக்காரரு, காட்டை நீதான் கவனிக்காம உட்டுட்டேனு போன்லயே சத்தம் போட்டாரு. அவரு சொல்றதும் நெசந்தானுங்களே."

"உங்க காடு நல்லாத்தான் இருக்குதுங்கக்கா," என்றேன். "மூணு வண்டிக்கு ஒரே நாள்ல சொன்னது நானு. உங்க கெழங்கு இங்க நின்னுதான் கெட்டுச்சு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரை அவர் நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க" என்றேன்.