பற்றவைக்காத அடுப்பில் பொங்கிய பால்

நான் வேதியியல் படித்தவள். பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். நீங்களும் இதை நம்ப மாட்டீர்கள், தெரியும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கள்ளக்குறிச்சி வீட்டை விற்றால்தான் அவரும் நானும் மூன்று வயது மகளும் ஒன்றாக இருக்க முடியும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் முகம் சுளித்துவிட்டுப் போனார்கள்.

"வூட்ட ஜோடிச்சு வைங்கக்கா. கொடியில துணி தொங்கிக்கினு இருந்தா எவன் வாங்குவான்?" என்றார் தரகர்.

பொம்மைகளைப் பரணில் ஏற்றினேன், பக்கத்து வீட்டு பர்வீன் அக்காவிடம் திரைச்சீலை இரவல் வாங்கி மாட்டினேன், சமையல் மேடையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் வீடு அவ்வளவு அழகு. எனக்கு அழுகை வந்தது. ஐந்து வருடத்தில் எனக்காக ஒருநாள்கூட இப்படி இருந்ததில்லை, எவளோ ஒருத்திக்காகச் சிங்காரித்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் குடிவந்த அன்று காய்ச்சிய பால்கூடப் பொங்காமல் திரிந்துபோனது. மாமியார் இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

ஞாயிறு காலை தரகரோடு மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். காபிக்காக ஃப்ரிட்ஜ் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன், அதற்குள் மணி அடித்தது. பற்றவைக்கவில்லை. குழந்தை இருக்கும் வீடு, சிலிண்டர் ரெகுலேட்டரை எப்போதும் மூடியே வைப்பேன், அதையும் இரண்டு முறை தொட்டுப் பார்ப்பேன்.

வந்தவளின் கணவருக்கு நான் படுக்கையறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அவள் கூவினாள். "இங்க வாங்களேன், பால் பொங்குது!"

ஓடினேன். நுரை நாலாபக்கமும் வழிந்துகொண்டிருந்தது. தீ இல்லை. பர்னரைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தேன், ரெகுலேட்டரும் மூடித்தான் இருந்தது.

"நாம காலு வச்சதும் பொங்குது பாருங்க" என்றாள் கணவனிடம்.

எனக்கு வயிறு எரிந்தது. பயத்தைவிட அதுதான் ஜாஸ்தி, மறைக்க மாட்டேன். அவளைப் பயமுறுத்த வேண்டும்போல் இருந்தது. விற்பனை கெட்டால் கணவருக்கு என்ன பதில் சொல்வேன் என்றுகூட யோசிக்காமல், "நான் அடுப்பே பத்தவைக்கலீங்க" என்றேன்.

தரகர் என்னை முறைத்தார். அவளோ சிரித்தாள். "அப்புறம் இன்னாக்கா, வூடே எங்கள கூப்புடுது!"

அங்கேயே பேசி முடித்தார்கள். அடுப்பைப் பற்றவைக்காமல், அந்தப் பாலை அப்படியே ஊற்றித்தான் காபி போட்டேன். ஊதி ஊதிக் குடித்தார்கள். பால் என்றாலே வாயை மூடிக்கொள்ளும் என் மகள் அவள் மடியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடித்தாள்.

அவர்கள் கிளம்பியதும் பாத்திரத்தில் மிச்சமிருந்ததை நானும் ஒரு வாய் குடித்தேன். பச்சைப் பால். பல் கூசியது. அவர்கள் வைத்துவிட்டுப் போன டம்ளர்களைத் தொட்டேன், இன்னும் சூடாக இருந்தன.

ஓசூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. தினமும் என் விரல் சுடச்சுடப் பாலை ஆற்றி மகளிடம் கொடுக்கிறேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "ஜில்லுனு இருக்குதும்மா" என்று டம்ளரைத் தள்ளிவிடுகிறாள்.