செல்வமலர் அக்கா துப்புரவாக்கிய பதினொரு செடிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. சென்னையில் இருந்தபோதே அப்படித்தான். மொன்ட்ரியாலுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த பிறகு கோபத்தோடு குளிரும் சேர்ந்துகொண்டது. செல்வமலர் அக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்களே கடைசியில் கேட்பீர்கள். கேளுங்கள்.

அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வாடகை வீடு. பத்தொன்பது வருடம் தையல் ஆலையில் உழைத்தார். அது மூடியதும் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்தார். பிறகுதான் எங்கள் பல்கலைக்கழகத்தின் மொட்டைமாடிக் கண்ணாடிக்கூடத்துக்கு வந்தார். கூட்டுவது, துடைப்பது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது. எல்லாமே ஒப்பந்த வேலைகள். இந்த வருடம் மே மாதம் நிரந்தரமாக்குவதாகப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார். இந்த நாட்டில் அவருடைய முதல் நிரந்தர வேலை. "பென்சன் வருமாம் பிள்ளை, பல்லுக் கட்டவும் காசு குடுப்பாங்களாம்" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

என் செடிகள் அதே மாடியில், சூடேற்றாத அறை ஒன்றில் இருந்தன. வடக்கே மரமே முளைக்காத சரளைக்கல் மேடுகளில் வளரும் இனம். உயரம் இரண்டு விரற்கடை இருந்தால் அதிகம். தலை நீட்டினால் காற்று விடாது என்பதால் கிளைகளெல்லாம் நெருங்கி ஒட்டிக்கொண்டு, பச்சைத் தலையணை போலத் தரையோடு கிடக்கும். ஆணிவேர் மட்டும் கல்லிடுக்கில் ஆழமாக இறங்கிவிடும். வெயில் பட்டால் அந்தத் தலையணைக்குள் வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடு நிற்கும். அதன் முதல் பூவைப் பார்க்கக் கிட்டத்தட்டப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். சின்ன ரோஸ் நிறப் பூ, பெரும்பாலும் தெற்குப் பக்கம்தான் முதலில் மலரும். எனக்கு முன் இரண்டு மாணவர்கள் விதையிலிருந்து வளர்த்து, என் கைக்கு வந்தபோது பதினொரு செடிகளுக்கும் ஒன்பது வயது. இந்த ஜூனில் பூத்திருக்க வேண்டும்.

இந்தச் செடி காய்ந்த இலையை உதிர்க்காது. பழுப்பு இலைகள் அடியிலேயே தங்கி, குருத்தைக் குளிரிலிருந்து காக்கும். மெல்ல மக்கி உரமும் ஆகும். எனக்கு இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியது என் பொறுப்பு என்று அறை வாசலிலேயே விதி ஒட்டியிருந்தது.

நவம்பரில் அவராகவே வந்து கேட்டார். "பிள்ளை, இதுகளுக்கு என்ன செய்யோணும்? பாதி காய்ஞ்செல்லோ கிடக்குது."

"தண்ணி மட்டும் ஊத்தாதீங்கக்கா. மத்ததை அப்புறமா சொல்றேன்."

சொல்லவே இல்லை. பெருக்குகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்ற திமிர். வேறென்ன பெயர் வைப்பது அதற்கு?

பொங்கலுக்கு முதல் நாள் அந்த அறைக்குப் போனேன். அக்கா சின்ன இடுக்கியோடு கடைசிச் செடியின் மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறையப் பழுப்பு இலைகள்.

"மூண்டு நாளா இருந்து பிடுங்கினனான்" என்றார் சிரித்துக்கொண்டு. "நாளைக்குப் பொங்கல். ஒரு இடமும் குப்பையாக் கிடக்கக் கூடாது. பாரும், இப்ப எவ்வளவு வடிவா இருக்குதுகள்!"

பொங்கலுக்கு முன் வீட்டை மூலைமுடுக்கு விடாமல் துடைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அவருக்கு அந்த மாடியும் வீடுதான். செடிகள் மொட்டையடித்த குழந்தைகள் மாதிரி இருந்தன.

"ஐயோ! என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?" என் அம்மா வயதுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியேல்லை பிள்ளை" என்றார். விட்டேனா? அன்றே பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பராமரிப்பாளர் என் செடிகளைக் கெடுத்துவிட்டார் என்று.

மறுவாரம் குளிர் மைனஸ் இருபத்தாறுக்கு இறங்கியது. ஏப்ரலில் பதினொன்றும் செத்துவிட்டன என்பது உறுதியானது. பொறுப்பாளர் எங்கள் இருவரையும் அழைத்து உட்காரவைத்தார். என்னிடம்தான் முதலில் கேட்டார், பிரெஞ்சில்: "இந்தச் செடியை எப்படிக் கையாள வேண்டும் என்று இவருக்கு விளக்கினாயா?"

இல்லை என்றால் தவறு என்னுடையது. என் படிப்பு இடம் போகும், இடம் போனால் விசாவும் போகும். விளக்கினேன் என்றால் தவறு அக்காவுடையது.

"விளக்கினேன்" என்றேன். பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று இப்போது சொல்லித் தப்பிக்கலாம். இல்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

பொறுப்பாளர் அக்கா பக்கம் திரும்பினார். தையல் ஆலையில் பழகிய அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிடச் சரளம். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வாக்கியம் போதும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நிதானமாக, "ஆமாம், விளக்கினார். நான்தான் மறந்துவிட்டேன்" என்றார்.

நிரந்தர வேலை என்ற பேச்சு அன்றோடு போயிற்று. இருந்த ஒப்பந்தத்தையும் மாதக் கடைசியோடு முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் லிஃப்ட் பக்கம் ஓடிப் பிடித்தேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"நான் இல்லையெண்டு சொன்னால் உம்மைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார். "திருப்பி அனுப்பப் போறாங்களோ எண்ட பயம் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். மூண்டு வருசம், போகச் சொல்லிக் கடிதம் வந்திடுமோ எண்டு பயந்து தபால்பெட்டியைத் திறக்காமல் விட்டிருக்கிறன். அது ஒருத்தருக்கும் வேண்டாம்."

அவர் கையைப் பிடித்தேன். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"ஆனா, இனி என்னை அக்கா எண்டு கூப்பிடாதையும்."

லிஃப்ட் வந்தது, போய்விட்டார். ஐந்து மாதம் ஆகிறது. என் விசா புதுப்பித்து வந்துவிட்டது. பொறுப்பாளரிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.