மீன் சுற்றிப் போன கடைசி அத்தியாயம்

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த கலீலைப் போலப் பிழைக்கத் தெரியாத மனுஷன் கிடையாது. எடைக்கு வருகிற இங்கிலீஷ் விண்வெளிக் கதைகளை விற்காமல், டிக்‌ஷனரியோடு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் கதை சொல்லப் போனால் மனைவி மெஹ்னாஸ், "பேஜார் பண்ணாதீங்க" என்று மிக்ஸியைப் போட்டுவிடுவாள். காது கொடுத்த ஒரே ஜீவன் கோவளத்திலிருந்து மீன் விற்க வரும் அங்காளம்மாதான். மீன் சுற்ற தினமும் ரெண்டு கிலோ பேப்பர் வாங்குவாள், கூடவே கதையும்.

அது 2006. கிரகம் கிரகமாகப் போய் மிளகு விற்கிற கேப்டன் கதை. பேர் வாயில் நுழையாததால் கலீல் அவனுக்கு மரைக்காயர் என்று வைத்துவிட்டார்.

"ஆறு கோள் சுத்தினவரு. அதான்க்கா எல்லாம் கோளாறு!"

"மூணு வருசம் போறாரே, சரக்கு நாறாதா பாய்?"

"மிளகுக்கா. மீனா என்ன, நாற?"

மரைக்காயர் எரிகல் மழையில் மாட்டிக்கொண்ட அன்றுதான் வினை. பைண்டிங் விட்டுக் கழன்ற, இன்னும் படிக்காத கடைசி அத்தியாயத்தைக் கலீல் தராசு பக்கத்தில் வைத்தார். அப்புறம் அதையும் பேப்பரோடு பேப்பராக அள்ளி அங்காளம்மாவுக்கே நிறுத்துக் கொடுத்தார். அட கிறுக்கு மனுஷா! அவள் தெருத் தெருவாக நெத்திலியும் சங்கராவும் அதில் சுற்றிக் கொடுத்துவிட்டாள். சாயந்திரம் தலையில் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டார். காலேஜில் வேலை பார்க்கும் சாவித்ரி மேடம் வீட்டுக் குப்பைக்கூடையில் மட்டும் ஒரு தாள், செதிலோடு கிடைத்தது. கடைசித் தாள். படித்தவர் முகம் செத்துப்போனது. கல் கப்பலைப் பிளந்துவிட்டது, மரைக்காயர் திரும்பவே இல்லை. இதைச் சொன்னால் நாளைக்குக் கதை கேட்க யார் வருவார்கள்?

மறுநாள் வந்ததும் வராததுமாக, "மரைக்காயர் இன்னா ஆனாரு பாய்?" என்றாள் அங்காளம்மா.

கலீல் அந்தத் தாள் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "நீயே சொல்லேன்க்கா."

"எதிர்த்துகினு போனாதான் ஒடையும். இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, கல்லோட கல்லா மெதந்து வந்துருப்பாரு. எங்க வூட்டுக்காரரு புயல்ல அப்டித்தான் வந்தாரு. இன்னிக்கும் கடலுக்குத்தான் போய்க்கீறாரு."

கலீல் கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். "அட, அதையேதான்க்கா எழுதியிருக்கான்!"

"பின்ன? எழுதினவனும் கடலுக்குப் போனவனாத்தான் இருப்பான்." நாலு சங்கராவைக் கூடையிலிருந்து எடுத்தாள். "இது மரைக்காயர் வந்து சேந்ததுக்கு. சுத்தித் தர ஒரு பேப்பர் குடு பாய்."

கலீல் மெல்ல எழுந்து, உட்கார்ந்திருந்த தாளை எடுத்து நீட்டினார்.