மேல்வீட்டுக்காரியின் உயிலுக்கு இரண்டு சாட்சி

ஊரில் எந்த மூலையில் நின்று அண்ணாந்தாலும் அவள் கிரேன் தெரியும். அவளை ஒருவருக்கும் தெரியாது. முப்பது மாடிக் கட்டடத்துக்கு மேலே டவர் கிரேன் ஓட்டுகிறவள், வயது இருபத்தாறு. காலையில் ஏணியேறினால் பொழுது சாய்ந்துதான் இறக்கம். சோற்று டப்பாவும் மேலேதான். கீழே இருப்பவர்கள் வைத்த பெயர் மேல்வீட்டுக்காரி.

உறவை எண்ண ஒரு விரல் போதும். பெற்ற அப்பன், அவளுக்கு நாலு வயதாகும்போதே வேறு குடும்பம் தேடிப் போனவன். அதன்பிறகு அம்மா ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டாள். அவரைச் சித்தப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தாள். சடை பின்னிவிட்டது, கிரேன் படிக்கவைத்தது எல்லாம் அவர்தான். அம்மா இறந்தபின் வேறு ஊரில், வாடகை அறையில், மங்கிய கண்ணோடு தைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டடத்துக் கிரேன்காரன் ஒருவன், இவளைவிடச் சின்னவன், பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்தான். அவன் சேர்த்ததெல்லாம் பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத அப்பனுக்குப் போயிற்று. வளர்த்த மாமா வெறுங்கையோடு திரும்பினார். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை. இவள் பெயரிலும் ஓரறை வீடு ஒன்று இருந்தது.

பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இந்த வயசுல உயிலா?"

"சாவு வயசு கேட்டுட்டா வருது?"

"அதுவும் சரிதான். எழுதாம விட்டா வீடு பெத்தவனுக்குத்தான். வளத்தவருக்கு ஒரு செங்கல்கூடக் கெடைக்காது. எழுதிடலாம். உன்னத் தெரிஞ்ச ரெண்டு பேர், நீ கையெழுத்துப் போடறத நேர்ல பாத்துச் சாட்சி போடணும்."

"சித்தப்பா போடலாமா?"

"வாங்கிக்கறவரே சாட்சின்னா, அதையே பிடிச்சுக்கிட்டு உங்கப்பன் கோர்ட்டுக்குப் போவான்."

போனில் இருந்த பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பைப் ரிப்பேர், கேஸ், கரண்ட் ஆபீஸ். பத்து நாள் தாள் பையிலேயே கிடந்தது. பதினோராம் நாள் வாக்கி டாக்கியை அழுத்தினாள். கீழே நின்று 'இடது, இறக்கு, நிறுத்து' என்று வழி சொல்லும் சிக்னல்காரர்தான் மறுமுனையில்.

"அண்ணே, உங்க கையெழுத்து ஒண்ணு வேணும். என் உயில்ல."

கொஞ்ச நேரம் கரகரவென்றது. "ஏம்மா, மேலேர்ந்து குதிக்கப் போறியா?"

"சீச்சீ, இல்லண்ணே!"

"அப்ப வரேன். மொதல்ல அந்தக் கம்பிக்கட்ட இறக்கு."

இன்னொருத்தி, கேட்டில் வருகைப் பதிவேடு வைத்திருக்கும் அம்மா. "உன் கையெழுத்து எனக்கு மனப்பாடம்டி. உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள்.

பத்திரக்காரர் கேட்டார்: "எத்தன நாள் பழக்கம்?"

சிக்னல்காரர் தலையைச் சொறிந்தார். "குரல் மூணு வருஷமாத் தெரியும். மொகத்தக் கிட்டத்துல பாக்கறது இப்பதான்."

"ஆள் இவங்கதானே?"

"ஆயிரம் பேர் நடுவுல இருட்டுல கூப்பிட்டாலும் சொல்லிடுவேன், சார்."

கையெழுத்து முடிந்தது. மூன்று டீ சொல்லியிருந்தாள். அவருக்குப் பஸ், அந்தம்மாவுக்கு வீட்டில் காய்ச்சல்காரப் பேரன். டீ வருவதற்குள் இருவரும் கிளம்பிவிட்டார்கள். சொன்ன குற்றத்துக்கு மூன்றையும் அவளே குடித்தாள்.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டாள். "வீட்ட உங்க பேருக்கு உயில் எழுதிட்டேன். தாள் அலமாரி மேல்தட்டுல, பச்சைப் பையில இருக்கு. ஒரு நகல் பத்திரக்காரர்ட்ட இருக்கு. ஞாபகம் வச்சுக்கோங்க."

"வீடு போ போங்குது, காடு வா வாங்குது. எனக்குப் போய் எழுதி வச்சிருக்கியே, பைத்தியக்காரி!"

"அந்தாளுக்குப் போகக் கூடாது, சித்தப்பா."

"சாட்சி யாரு போட்டா?" என்றார்.

"வேலை எடத்துல ரெண்டு பேரு."

"கூப்பிட்டதும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

பெருமூச்சு போனிலேயே கேட்டது. "அங்க ஒண்டியாக் கெடக்கியேன்னு தெனம் நெனச்சுக்குவேன். ஒனக்குன்னு ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அது போதும் எனக்கு."

"இருக்காங்க, சித்தப்பா" என்றாள்.