மணலில் வைத்த உப்பு மாத்திரைகள்

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடுங்குவது நின்றது. எழுபதுகளின் பிற்பாதியில் அரபு நாட்டு ஜுபைலில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலோரத்தில் இரும்புத் தூண்களை அடித்து இறக்கும் இயந்திரத்தின் அதிர்வில், விடிந்ததிலிருந்து எங்கள் தகர வீட்டில் ஏதாவது ஒன்று கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். அது நின்றதும் அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். சத்தம் நின்றதற்காக ஒருவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு எட்டு வயது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. காந்தி ஜெயந்தியை ஒட்டி, தொழிலாளர் கேம்ப்பின் சாப்பாட்டுக் கொட்டகையில் பொறியாளர் வீட்டுப் பிள்ளைகள் உப்பு சத்தியாகிரக நாடகம் போட்டிருந்தோம். எழுதியவர் அப்பா. எதையும் காரணம், விளைவு என்று பிரித்துச் சொல்வது அவர் வழக்கம். உப்புக்கு வரி போட்டது காரணம். ஜனங்கள் கடலுக்கு நடந்து போய் உப்பை அள்ளினார்கள், அடித்தபோது திருப்பி அடிக்காமல் உட்கார்ந்தார்கள், சிறைகள் நிரம்பின, உலகமே திரும்பிப் பார்த்தது, இதெல்லாம் விளைவு. ஒத்திகையில் இதை ஒப்பிக்காமல் எங்களை விடமாட்டார்.

எனக்குக் கிடைத்தது வெள்ளைக்கார அதிகாரி வேஷம். முகம் முழுக்கப் பவுடர், தலையில் அப்பாவின் தொப்பி. தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து விரலை நீட்டி, “எழுந்திருங்கள்! சொன்னால் கேளுங்கள்!” என்று அதட்ட வேண்டும். விரலை எப்படி நீட்டுவது என்று அப்பாதான் பலமுறை செய்து காட்டினார். திரையை இழுத்தவர் ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர். சைட்டில் கம்பி கட்டுகிறவர். முன்வரிசையில் சைட் மேனேஜர் உட்கார்ந்திருந்தார், நிஜமான வெள்ளைக்காரர். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்.

சனிக்கிழமை சத்தம் நின்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக ஓடினாள். அந்தப் பக்கம், வெயிலில், ஆட்கள் வரிசையாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளை மாத்திரை. வேர்த்து மயங்கி விழாமலிருக்கத் தினமும் காலையில் கொடுக்கும் உப்பு மாத்திரை அது. விழுங்காமல் மணலில் வைத்திருந்தார்கள்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. உப்பு வேண்டும் என்று கேட்பதுதானே நாடகம்? இவர்கள் சும்மா கொடுத்த உப்பை வேண்டாம் என்கிறார்களே!

“இவங்க ஏம்மா உக்காந்திருக்காங்க?”

“குடிக்கிற தண்ணி கொதிக்குதாம். ஐஸ் கேட்டாங்க, ஒதுங்க ஒரு நிழல் கேட்டாங்க. மாத்திரையக் குடுத்துட்டு வேலையப் பாருன்னுட்டாங்க. போன வாரம் ஒருத்தர் விழுந்துட்டார்ல.” பிறகு எனக்கில்லாமல் தனக்கே சொல்வதுபோல, “விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போச்சுன்னா அத்தனை பேரையும் ஊருக்கு ஏத்திடுவாங்களே” என்றாள்.

ஆட்களுக்கு எதிரே அப்பா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மேனேஜர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அப்பா அதைத் தமிழாக்கினார்.

“எழுந்திருங்கப்பா. சொன்னா கேளுங்க.”

அவர் விரல் நீண்டிருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. என் வசனத்தை அப்பா பேசுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் வாயைப் பொத்தினாள்.

முன்னால் இருந்த ராமநாதபுரத்து அண்ணன் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். “சார், கை ஓங்காம உக்காந்தாப் போதும்னு நேத்து நீங்கதான எழுதியிருந்தீங்க?”

“அது நாடகம்ப்பா.”

“ஆமா சார். தண்ணி நாடகம் இல்லியே.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் அப்பாவின் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார். அப்பா தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். பிறகு என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தூண்டிவிட்டது யார் என்று அன்று அங்கே பெயர் ஏதும் சொல்லப்பட்டதா என்று அம்மா அப்பாவிடம் கேட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய காலமெல்லாம் போய்விட்டது.

போன மாதம் என் மகன் அதே ஜுபைலில் ஒரு சைட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறான். “வெயில்தாம்மா, பழகிடும்” என்கிறான் போனில். “உனக்கா, உன்கிட்ட வேலை செய்யறவங்களுக்கா?” என்று கேட்க நினைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். பிறகு தூக்கம் வருவதில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே ஐஸ் கட்டிகள் ஏற்றிய வண்டி கேம்ப்புக்குள் போனது. மறுநாள் காலையில் தார்ப்பாய் கட்டி நிழல் போட்டார்கள். டம்ளர்கள் மறுபடி நடுங்கத் தொடங்கின. காந்தி ஜெயித்துவிட்டார் என்று நான் குதித்தேன். அப்பா மட்டும் வேலைக்குப் போகாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மத்தியானம் எங்கள் வாசலில் ஒரு பிக்அப் வந்து நின்றது. டிரைவர் இறங்காமலேயே, “யல்லா பாய், ஜல்தி!” என்று அவசரப்படுத்தி ஹாரன் அடித்தான். இறங்கி வந்தவர் ராமநாதபுரத்து அண்ணன். வெள்ளைச் சட்டை போட்டுத் தலையைப் படிய வாரியிருந்தார். வண்டியில் கயிறு கட்டிய அவருடைய பெட்டி இருந்தது. கையில் அப்பாவின் தொப்பி. நாடகத்தன்று திரைத்துணியோடு சுருட்டி எடுத்து வைத்திருந்தாராம்.

“ஊருக்காண்ணே?” என்று கேட்டேன். லீவு கிடைத்துவிட்டது என்று எனக்கு எண்ணம்.

“ஆமா பாப்பா. ஏர்போர்ட்டுக்குத்தான்.”

அம்மா வாசல் கதவைப் பிடித்தபடி, “உள்ள வாங்க, ஒரு வாய் காபி...” என்றாள். அவர் செருப்பைக் கழற்றவில்லை. திறந்திருந்த அறையை, அங்கே தெரிந்த அப்பாவின் முதுகை, ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தொப்பியை என் தலையில் வைத்தார்.

“வெள்ளக்காரன் வேஷம் ஒனக்குத்தான் பாப்பா நல்லா இருந்துச்சு. சாருக்குச் சரிப்படல.”

என் நடிப்பைப் பாராட்டுகிறார் என்று சந்தோஷம் தாங்காமல், அதை அப்படியே சொல்ல அப்பாவிடம் ஓடினேன்.