யானை பொம்மையில் ஒரு வெள்ளை முடி

போன செவ்வாய்க்கிழமை என் பீங்கான் பொம்மை யூனிட்டில் ஒரு யானை பொம்மையைக் கையில் எடுத்தேன். பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கி, சூளைக்குப் போகக் காத்திருந்த பொம்மை. வழக்கம்போல மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால்... தும்பிக்கை மேல் ஒரு வெள்ளை முடி.

ஒரு முடிதானே என்பீர்கள். சூளையில் முடி எரிந்துபோகும். ஆனால் அது படுத்திருந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். வெளியூர் வியாபாரி கண்ணில் அந்தக் கோடு பட்டால் பெட்டியோடு திருப்பி அனுப்புவான். ஏற்கெனவே ஒரு தடவை அனுப்பியும்விட்டான்.

அஞ்சாம் கிளாஸோடு படிப்பை விட்டவன் நான். விருத்தாசலத்தில் சொந்தச் சூளை போட்டு நிற்கிறேன் என்றால் எதனால்? இந்த மாதிரி ஒரு முடியைக்கூட விடாததால்தான். இந்தப் பத்தியில் பல வாரம் சொன்ன சங்கதிதான், இருந்தாலும் சொல்லுவேன்.

வெள்ளை முடிக்குச் சொந்தக்காரி யார்? சந்தேகமே இல்லை — ஜூலி. என் மகள் வளர்த்த பொமரேனியன். கல்யாணமாகிப் புதுச்சேரி போனவள், அங்கே வாடகை வீட்டில் நாய் கூடாது என்றதால் எங்களிடம் விட்டுப்போனாள். மகள் போன வெறுமையில் என் சம்சாரம் அஞ்சலைக்கு நாள் முழுக்கப் பேச்சுத் துணை அதுதான். ஆனால் வெயில் காலத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். யூனிட்டோ வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

பெட்டி திரும்பி வந்த அன்றைக்கே நான் ட்ரிம்மரை எடுத்துவிட்டேன்.

"மொத்தமா வழிச்சுடறேன். வெயிலுக்கும் நல்லாருக்கும்."

அஞ்சலை நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "மேல இருக்குற முடி அதுக்குக் குடை மாதிரிங்க. வழிச்சா வெயிலு நேரா தோல்ல வுழும். திரும்ப ஒழுங்கா மொளைக்குமாங்குறதே சந்தேகம்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு. கொட்டுறதெல்லாம் உள்ளாற இருக்குற பஞ்சுதான். அத நான் எடுத்துடறேன்."

"இன்னொரு முடி பொம்மையில பாத்தேன், இந்த நாய சேத்தியாத்தோப்புல உன் தம்பி வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

"பாக்கலாம்."

அன்று முதல் தினமும் காலையில் ஜூலி ஒரு ஸ்டூல் மேல். லேசாகத் தண்ணீர் ஸ்பிரே. இடது கையால் முடியை வகிடு பிரித்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கம்பிச் சீப்பால் ஒரு இழுப்பு. அந்த வரிசை முடிந்ததும் அடுத்த வகிடு. காதுக்குப் பின்னால் சிக்கு இருந்தால் கத்தரி வைக்க மாட்டாள், விரலாலேயே பிரிப்பாள். குளிப்பாட்டுவதும் சிக்கு எடுத்த பிறகுதான் — ஈரம் பட்டால் சிக்கு இறுகிவிடுமாம். உள்முடி இலவம்பஞ்சு மாதிரி சீப்போடு வரும். ஜூலி கண்ணை மூடிச் சொக்கிப்போய் நிற்கும்.

களிமண்ணில் கை வைக்கும்போதே ஆள் தேறுமா என்று சொல்லிவிடுகிறவன் நான். சொல்கிறேன், அஞ்சலையின் கை தேறிய கை. பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறேன், அந்தப் பொறுமை ஒருத்தரிடமும் இல்லை. சோபாவில் முடி இல்லை, சோற்றில் முடி இல்லை. ஜூலி வெயிலில் நடந்தால் தெருவே நின்று பார்க்கிறது.

ஆனாலும் பேச்சு பேச்சுதானே? செவ்வாய்க்கிழமை அந்த யானையைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"தம்பிக்கு போன் போடு."

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஊசியால் முடியைக் கிளப்பினாள். சூளைக்குப் போகாத கிளேஸ் சுண்ணாம்பு மாதிரி, எதன் மேல் பட்டாலும் வெள்ளையாக்கிவிடும். ஈரத்துணியால் முடியை ஒரு துடை துடைத்தாள். அடி மட்டும் வெள்ளை. நுனி வரை நல்ல கறுப்பு.

என் முகத்தையும் முடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜூலிக்கு நான் டை அடிக்கலிங்க."

இந்தப் பத்திக்கு மேலே போட்டோவில் பார்க்கிறீர்களே... அதே மீசைதான். பெட்டி திரும்பி வந்தது யார் முடியால் என்று அவளும் கேட்கவில்லை. நானும் கிளறவில்லை.

ஜூலி சேத்தியாத்தோப்பு போகவில்லை. தினமும் யூனிட்டுக்குள் நுழையும் முன்னால் என் மீசைக்கும் அஞ்சலை கையால் ஒரு வாரல் உண்டு. அதே ஸ்டூல், ஜூலி இறங்கிய பிறகு என் முறை.

சீப்பு வேறு. கேட்காதவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.