இரைச்சல் அடங்கியதும் கேட்டது

இது நடந்தது. ரைஹானா இதைச் சொன்னபோது அழவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அதனால்தான் நான் நம்பினேன்.

பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் இன்ஜினியர் அவள். விமானத்துக்குள் இரைச்சலைக் குறைப்பது வேலை. இருக்கையில் தலை சாயும் இடத்தில் சின்ன மைக் இருக்கும். அது எஞ்சின் சத்தத்தைப் பிடித்ததும், பக்கத்து ஸ்பீக்கர் எதிர்ச்சத்தம் எழுப்பி அதை அடக்கிவிடும். பயணி நிம்மதியாகத் தூங்கலாம்.

சோதனைக்கென்று ஷெட்டுக்குள் ஓர் இரும்பு அறை. உள்ளே விமான இருக்கைகள். தடித்த கதவு. ரைஹானா வெளியே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, உள்ளே மைக் பிடிப்பதைக் கேட்டபடி உட்காருவாள்.

சேர்ந்த வாரமே ஒன்றைக் கவனித்தாள். எஞ்சின் ஓசையை ஓடவிட்டு அடக்கினால், மிச்சமாக ஒரு சத்தம் நின்றது. டொக்... டொக்... டொக்... உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல. உள்ளே ஆளில்லை. ஸ்க்ரூ லூசாக இருக்குமென்று எல்லாவற்றையும் முடுக்கினாள். மறுநாள் தட்டலோடு மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தது.

மெஷின் ஓட்டும் யூசுப்பிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தாள். கேட்டவர் சட்டென்று கழற்றி அவள் கையில் திணித்தார்.

"வாணாம்மா. இத்த நோண்டாத."

வெளியே போய்விட்டார்.

மேனேஜர் கிருபாகரனிடம் போனாள். அந்தச் சத்தத்தை ஃபில்டர் போட்டு அழிக்கச் சொன்னார். அழித்தாள். அடுத்த சோதனையில் தட்டல் இன்னும் பலமாகக் கேட்டது.

ஒரு வியாழக்கிழமை வெளிநாட்டு விமானக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். பட்டப்பகல். தானே உட்கார்ந்து காட்டுவதாகச் சொல்லி, கிருபாகரன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

எஞ்சின் இரைந்தது. ரைஹானா பட்டனை அழுத்தினாள். இரைச்சல் அடங்கியது.

தட்டல் இல்லை.

முதல் முறையாக... இல்லை.

பிறகு ஓர் ஆண் குரல். மைக்குக்கு மிக அருகில்.

"வந்துட்டீங்களா சார்... கஸ்டமர் போனதும் தொறக்கலாம்."

கிருபாகரன் துள்ளி எழும் சத்தம். கதவை அறைகிறார்.

ரைஹானா ஓடிப்போய் இழுத்தாள். யூசுப்பும் சேர்ந்து இழுத்தார். பூட்டே இல்லாத கதவு.

அசையவில்லை.

கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனில் மூச்சு... திணறி... தேய்ந்து...

கதவு தானாகத் திறந்தது.

கிருபாகரன் தரையில் கிடந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

ஆஸ்பத்திரி வாசலில்தான் யூசுப் வாயைத் திறந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அறையில் வேறு சோதனை நடந்தது. மோட்டார் வைத்துக் காற்றை உறிஞ்சி, விமானம் பறக்கும் உயரத்தின் நிலையை உள்ளே உண்டாக்குவார்கள். டெக்னீஷியன் ஸ்ரீராம் உள்ளே இருப்பது தெரியாமல் ஓட்டிவிட்டார்கள். அவன் தட்டினான். எல்லோருக்கும் கேட்டது. வந்திருந்த கஸ்டமர்கள் முன்னால் சோதனையை நிறுத்தக் கிருபாகரன் சம்மதிக்கவில்லை. அவர்கள் போனதும் திறக்கலாம் என்றார். திறந்தபோது அவன் செத்திருந்தான். மாரடைப்பு என்று சொல்லி மூடி மறைத்துவிட்டார்கள்.

"நான் மோட்டார் சுச்சாண்டதாம்மா நின்னுகினு இருந்தேன்" என்றார் யூசுப்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் குழம்பிப்போனாராம். வானத்தில் வெகு உயரத்தில் காற்றில்லாமல் செத்தவரைப் போலிருக்கிறது கிருபாகரனின் உடல் என்றாராம்.

ஸ்ரீராம் செத்த மறுமாதமே அந்த மோட்டாரைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.